லிண்டாவின் டீமும் ஜெர்வினின் வாயும்

சாஃப்ட்பாலில் பேஸுக்குச் சறுக்கி விழுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டப்போய் லிண்டா கணுக்காலை முறித்துக்கொண்டாள். சறுக்கியதில் ஒரு குறையும் இல்லை. காலை நீட்டி, இடுப்பைச் சாய்த்து, புழுதி பறக்க வந்து பேஸைத் தொட்டும்விட்டாள். தொட்ட பிறகுதான் எழுந்திருக்க முடியவில்லை. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "இந்த வயசுல எதுக்கும்மா இந்த விளையாட்டு" என்றார். "எந்த வயசுல சார்" என்று லிண்டா கேட்டாள். அவர், ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறு வாரம் என்று கேட்டதும் லிண்டா அழுதாள். வலிக்காக அழவில்லை. மண்டல சாஃப்ட்பால் இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

திருநெல்வேலி டவுணில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. கோகோவும் வலைப்பந்தும் தவிர வேறொன்றும் அறியாத பள்ளியில் ஆறு வருஷத்துக்கு முன் சாஃப்ட்பாலைக் கொண்டுவந்தவள் அவள்தான். வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பனிடம் பேசி, பிள்ளைகளை விடியற்காலையில் மைதானத்துக்கு வரவைத்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு டீமை உண்டாக்கினாள். அந்த டீம் மூன்று வருஷமாக இறுதிப் போட்டி வரைக்கும் போய், மூன்று வருஷமும் தூத்துக்குடி அணியிடம் தோற்று வந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. பந்து எறியும் பிட்சர் சுடலைவடிவும் அதைப் பிடிக்கும் கேட்சர் நித்யாவும் இந்த வருஷத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். இந்தத் தடவை விட்டால் இந்த டீமுக்கு இன்னொரு தடவை கிடையாது.

லிண்டாவின் கணவன் ஜெர்வினும் விளையாட்டு ஆசிரியன்தான். பாளையங்கோட்டையில் பையன்கள் பள்ளி ஒன்றில் பதினைந்து வருஷமாகப் பேஸ்பால் சொல்லிக் கொடுக்கிறான். தெரியாதவர்களுக்கு இரண்டு ஆட்டமும் ஒன்றுதான். நாலு மூலையில் நாலு பேஸ், நடுவில் பந்து எறிகிறவர், எதிரே பேட் பிடித்தவர். அடித்துவிட்டுச் சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். தச்சநல்லூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சிவசண்முகம் அண்ணாச்சிக்கு இரண்டுமே கிரிக்கெட். "கிரிக்கெட் வாத்தியார் வீடு" என்றுதான் அவர் ஆட்களுக்கு வழி சொல்வார். ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு அவை இரண்டும் வேறு வேறு மதம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். "சாஃப்ட்பால்ங்கது வேற ஒண்ணும் இல்ல. பேஸ்பாலத் தொவச்சுக் காயப்போட்டதுல சுருங்கிப்போச்சு" என்பான் ஜெர்வின். "சுருங்கின சட்டைக்குள்ள நீங்க நொழஞ்சு பாருங்க, தெரியும்" என்பாள் லிண்டா.

நுழைந்து பார்க்கும் நாள் இப்படி வந்து சேரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. ஜெர்வினின் பள்ளி மைதானத்தில் புதுக் கட்டிடத்துக்குக் கம்பியும் ஜல்லியும் இறக்கியிருந்தார்கள். பேஸ்பால் ஒரு மாதம் நின்றிருந்தது. லிண்டாவின் தலைமையாசிரியை, "உங்க வீட்டுக்காரர் வருவாரா" என்று கேட்க, லிண்டா கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அரை நாள் யோசித்தாள். அந்த அரை நாள் யோசனை ஜெர்வினுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"ஒன் டீம அப்படியே பத்திரமாக் கொண்டாந்து ஒங்கிட்டத் தாரேன். போதுமா?" என்றான்.

"ஜெயிக்க வைங்கன்னு நான் கேக்கல" என்றாள் லிண்டா. "அதுகளுக்கு ஆட்டம் தெரியும். புதுசா எதையும் சொல்லிக் குடுத்திராதீய. முக்கியமா அந்த லீடு. ஒங்க ஆட்டத்துல பிட்சர் பந்தக் கையில வச்சிருக்கும்போதே ஓடுதவன் பேஸ விட்டு நாலடி திருட்டுத்தனமா முன்ன போய் நிப்பான். இங்க அது கெடையாது. பந்து பிட்சர் கைய விட்டுப் போறதுவர காலு பேஸ்லதான் இருக்கணும். எடுத்தா அவுட்டு."

"எனக்கு ரூல் தெரியாதா லிண்டா?"

"ஒங்களுக்குத் தெரியும். ஒங்க வாய்க்குத் தெரியுமான்னுதான் கேக்கேன்."

முதல் நாள் காலையில் மைதானத்துக்குப் போனபோது பிள்ளைகள் வரிசையாக நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஜெர்வின் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். மஞ்சளாக, பெரிய மாதுளம்பழம் அளவுக்கு இருந்தது. பேஸ்பால் பந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதைப் பிடிக்கவே இரண்டு விரல் கூட வேண்டியிருந்தது. பேரிலேயே சாஃப்ட் என்று இருக்கிறதே என்று கிளவுஸ் போடாமல், "எறி பிள்ள பாப்போம்" என்று பிட்சர் வடிவைப் பார்த்துச் சொன்னான். அவள் கையை ராட்டினம்போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழேயிருந்து விட்டாள். பந்து வந்து உள்ளங்கையில் அறைந்த அறையில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. மென்மைக்கும் அந்தப் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போது புரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பரவால்ல" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றான். பேஸ்பாலில் பந்து மேலேயிருந்து இறங்கி வரும். பதினைந்து வருஷமாக அவன் கண்ணுக்குப் பழக்கமான வழி அது. வடிவின் பந்து தரைப் பக்கத்திலிருந்து கிளம்பி மேலே ஏறியது. தூரமும் குறைவு. பேஸ்பாலில் பிட்சர் நிற்கிற இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால்தான் சாஃப்ட்பால் பிட்சர் நிற்கும் இடம் வரும். பந்தின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அடிக்கிறவனுக்குக் கிடைக்கும் நேரம் என்னமோ அதே நேரம்தான். ஜெர்வின் வீசினான். பந்து பேட்டுக்கு மேலே போனது. மறுபடியும் வீசினான். மறுபடியும் மேலே போனது. மூன்றாவது தடவை வீசிய வீச்சில் அவனே ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்த மரியாதைதான் அவனை ரொம்பவும் கூச வைத்தது.

அன்று மாலை வீட்டில் உள்ளங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்து லிண்டா, "சட்ட எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு" என்றான் ஜெர்வின்.

முதல் வாரம் எல்லாம் கோணலாகவே போனது. பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பிட்சரின் தோள்தான் அவனுக்கு முதல் கவலை. மேலேயிருந்து எறிகிற கை சீக்கிரம் பழுதாகும். ஒரு நாள் எறிந்தவனை மறு நாள் பந்தைத் தொடவிட மாட்டான். அந்தப் பழக்கத்தில் வடிவையும் பாதியில் நிறுத்தி, "போதும், போய் உக்காரு. நாளைக்கும் எறிய வேண்டாம்" என்றான். வடிவு போய் உட்கார்ந்தாள். மறு நாள் அவள் வரவே இல்லை. சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை. அப்பா பலவேசம் வயல் வேலைக்குப் போகிறவர். "இனிமே நீ வேண்டாம்னு சார் சொல்லிட்டாராம், கேட்டு அழுதுக்கிட்டு இருக்கா" என்று அவர் லிண்டாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

"கீழ இருந்து எறியுதவளுக்கு அவ்வளவு ஓய்வு வேண்டாம்" என்றாள் லிண்டா. "வலிச்சா அவளே சொல்லுவா, அதுக்கு அவள நான் பழக்கி வச்சிருக்கேன். ரெண்டு நாள் விட்டாத்தான் அவளுக்குப் பந்து வழி மாறிப் போகும்."

"நான் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அத அவகிட்டச் சொன்னீயளா?"

சொல்லவில்லை. பையன்களிடம் அவன் காரணம் சொல்லிப் பழகியதில்லை. "உக்காருலே" என்றால் உட்காருவான்கள். "ஓடுலே" என்றால் ஓடுவான்கள். காலையில் வாங்கின ஏச்சை மத்தியானத்துக்குள் மறந்துவிட்டு, சாயங்காலம் பைக்கில் ஒரு ரவுண்டு ஏற்றிப் போகச் சொல்வான்கள். இங்கே பத்தாம் வகுப்பு ஃபெமினா ஒரு பந்தைக் கோட்டைவிட்டதற்கு ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான், மொத்த டீமும் மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. ஃபெமினாகூட அவ்வளவு கோபப்படவில்லை. மற்ற பிள்ளைகள்தான் அவளுக்காகக் கோபமாக இருந்தார்கள். வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது. பேச்சுமட்டும் இல்லை.

நாலாம் நாள் ஜெர்வின் அவர்களை உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தான். "வெயிலு அவ கண்ணுல அடிச்சிருக்கு. நான் பாக்காம ஏசிட்டேன். தப்புதான்" என்றான். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நித்யாதான் முதலில் பேசினாள். "எங்களுக்குக் காரணம் சொன்னாப் போதும் சார். மிஸ்ஸும் ஏசுவாங்க. ஆனா காரணம் சொல்லி ஏசுவாங்க."

அன்றிலிருந்து அவன் வாய் வலிக்கக் காரணம் சொன்னான். ஏன் இந்தப் பக்கம் நிற்க வேண்டும், ஏன் அந்தப் பந்தை விட வேண்டும், ஏன் இப்போது மெதுவாகத் தட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏன் இருந்தது. சொல்லச் சொல்லத்தான், சில விஷயங்களை ஏன் செய்கிறோம் என்று தனக்கே இத்தனை வருஷமாகத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. பேஸ்கள் கிட்டக் கிட்ட இருந்ததால் யோசிக்க நேரம் கிடையாது. பையன்கள் பந்தைப் பிடித்து, பார்த்து, ஒரு எட்டு வைத்து எறிவான்கள். இந்தப் பிள்ளைகள் பிடிக்கும்போதே எறிந்திருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பாடவும் செய்தார்கள். "வடிவு எறிஞ்சா முடிவு, வந்தவ எல்லாம் வெளிய" என்று கும்மித் தாளத்தில் கைதட்டிப் பாடும்போது, முதலில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அவனுடைய பையன்கள் பெஞ்சில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பான்கள். அதைத்தான் ஒழுக்கம் என்று அவன் வைத்திருந்தான். இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள் வீட்டில் பல் தேய்க்கும்போது அந்தப் பாட்டு அவன் வாயில் வந்தது. லிண்டா கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வித்தியாசங்களை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு ஒற்றுமைகளும் கண்ணில் பட்டன. பயந்தால் பையனும் சரி, பிள்ளையும் சரி, குனிந்து கட்டின ஷூ லேஸையே மறுபடி கட்டுவார்கள். நன்றாக அடித்தால் பந்தைப் பார்ப்பார்கள். தவறவிட்டால் மட்டும், பந்து எங்கே போச்சு என்று தேடும் முன்னால் சாரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடியில் அவன் முகம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பந்து. பையன்களிடம் இதை அவன் கவனித்ததில்லை. அந்த நொடியில் அவன் எப்போதும் கத்திக்கொண்டிருந்தான்.

அந்த லீடு விஷயம் இரண்டு தடவை வாய் தவறி வந்தது. "முன்ன ஏறி நில்லு பிள்ள" என்று அவன் கத்த, ஃபெமினா பேஸை விட்டு அசையாமல், "சார், இது சாஃப்ட்பால்" என்றாள். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்கள் அவனோடு சிரிக்க ஆரம்பித்ததில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை அவன் லிண்டாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி பாளையங்கோட்டையில் நடந்தது. அம்பயராக நின்றது பீர் முகம்மது. ஜெர்வினோடு கல்லூரியில் ஒரே டீமில் ஆடியவர், இரண்டு ஆட்டத்துக்கும் அம்பயர் நிற்பவர். "என்ன வே, பொண்டாட்டி வேலையப் புடுங்கிட்டீரா" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அவருக்குச் சிநேகிதம் கிடையாது.

வடிவு அன்றைக்கு எறிந்த எறியை லிண்டா பார்த்திருக்க வேண்டும் என்று ஜெர்வின் நிமிஷத்துக்கு ஒரு தடவை நினைத்தான். தூத்துக்குடிப் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் ஒரு இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். இவர்கள் ஒன்று எடுத்தார்கள். பேஸ்பால் ஒன்பது இன்னிங்ஸ், சாஃப்ட்பால் ஏழு. கடைசி இன்னிங்ஸ் வந்தபோது ஜெர்வினின் உடம்புக்கு இன்னும் இரண்டு மிச்சம் இருப்பதுபோலவே இருந்தது. இல்லை என்று மூளை சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு ரன் குறைவு. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஃபெமினா நின்றாள். அவள் கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் சமம். பேட்டோடு நித்யா. மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில், பயிற்சியாளர் நிற்கக் கோடு போட்ட இடத்தில், ஃபெமினாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஜெர்வின் நின்றான். நித்யா மெதுவாகத் தட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்து, அந்தப் பேஸைக் காக்க வேண்டிய பிள்ளை முன்னால் ஓடி வந்துவிட்டாள். பேஸ் காலியாகக் கிடந்தது. பதினைந்து வருஷம் மூன்றாவது பேஸ் பக்கம் நின்றவனுக்கு இப்படி ஒரு காட்சி கண்ணில் பட்டால் வாய் யாரையும் கேட்காது.

"பைய ரெண்டடி எடு" என்றான்.

ஃபெமினா திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள்.

"எடு பிள்ள" என்றான்.

எடுத்தாள். தூத்துக்குடிப் பிட்சர் இன்னும் கையைச் சுற்றிக்கூட முடிக்கவில்லை. பீர் முகம்மதுவின் கை மேலே போயிற்று. பந்து செல்லாது, ஓடினவள் அவுட். மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கே என்ன நடந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஓடி வந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள்.

ஃபெமினா ஜெர்வினின் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சொன்னேன், இந்தப் பிள்ளை தப்பு பண்ணவில்லை என்று மைதானம் முழுக்கக் கேட்கிறமாதிரி கத்தியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்த வாய், வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. பெஞ்சில் வடிவு முகத்தைக் கிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு இனி பள்ளி ஆட்டம் இல்லை. பீர் முகம்மது பக்கத்தில் வந்து, "என்ன வே பண்ணிட்டீரு" என்று மெல்லக் கேட்டார். குரலில் அம்பயர் போய்ச் சிநேகிதன் வந்திருந்தான். ஜெர்வினுக்கு அவரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தான். "பிள்ளைகளா" என்று ஒரு தடவை திரும்பினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். திரும்பிக்கொண்டான். பின்னால் குசுகுசுவென்று பேச்சு ஆரம்பித்தது. வண்ணார்பேட்டை வந்து ஆற்றுப் பாலம் தாண்டும்வரை அது ஓயவில்லை. தன்னைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஜெர்வினுக்குத் தெரிந்தது. கிழிக்கட்டும், நியாயம்தானே என்று நினைத்தான். மூன்று வாரத்தில் சம்பாதித்ததெல்லாம் ரெண்டே அடியில் போய்விட்டது என்பதைவிட, அந்தச் சின்னப் பிள்ளை ஒரு நொடி தயங்கினாளே, அப்போதாவது தன் வாய் நின்றிருக்கக் கூடாதா என்பதுதான் அவனை அறுத்தது. போன வாரமாக இருந்தால் அவள், "சார், இது சாஃப்ட்பால்" என்று சொல்லியிருப்பாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியும், "வாரோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெர்வின் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நாலு ரதவீதியையும் நடந்தே சுற்றினான். ஒரு அல்வாக் கடை முன்னால் வழக்கம்போல் கால் நின்றது. இன்றைக்கு லிண்டாவுக்கு அல்வா வாங்கிப் போனால் அதைவிடப் பொருத்தமான அநியாயம் வேறு இருக்காது என்று தோன்றி, நகர்ந்து, தச்சநல்லூர் பஸ்ஸில் ஏறினான்.

லிண்டா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. செல்போன் மடியில் கிடந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்றான்.

"உள்ள வாங்க" என்றாள் லிண்டா. "ஃபெமினா பேசுனா. அவளே அவசரப்பட்டுக் கால எடுத்துட்டாளாம். சார் பிடிச்சு நிறுத்தப் பாத்தாராம், அதுக்குள்ள அம்பயர் கையத் தூக்கிட்டாராம்."

ஜெர்வின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

"பெறவு நித்யா பேசுனா. சார் நில்லு நில்லுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாராம். இவதான் பேட்ட வச்சிக்கிட்டு ஃபெமினாவப் பாத்துத் தலைய ஆட்டிட்டாளாம். அதப் பாத்துட்டுத்தான் அவ ஓடுனாளாம். பெறவு வடிவு. அவ ரெண்டு ரன்னு விட்டுக் குடுக்காம இருந்திருந்தா ஃபெமினாவுக்கு அந்த அவசரமே வந்திருக்காதாம். அதனால தப்பு பூரா அவளோடதுதானாம்." லிண்டா நிறுத்தினாள். "ஆறு வருசம் ஆச்சு. ஒருத்தியாவது இதுவர எங்கிட்ட ஒரு தப்ப ஒத்துக்கிட்டது கெடையாது. வெயிலும்பாளுவ, காத்தும்பாளுவ, ஷூ பெருசும்பாளுவ. இன்னைக்கு மூணு பேரு அடுத்தடுத்துப் போன் போட்டு, நான்தான் நான்தான்னு அடிச்சுக்கிடுதாளுவ."

"நாந்தான் எடுக்கச் சொன்னேன் லிண்டா" என்றான் ஜெர்வின். "அவ தயங்குனா. ரெண்டாந்தடவையும் சொன்னேன்."

"தெரியும். பீர் முகம்மது பாய் ஆட்டம் முடிஞ்ச ஒடனேயே பேசிட்டாரு."

"நீ ஏசிரு. ஏசாம இருந்தா எனக்குத் தாங்கல."

"மத்தியானம் பூரா அழுதேன்" என்றாள் லிண்டா. "ஒங்க மேல கோவம் இருக்கு. நல்லாவே இருக்கு. நாளைக்கும் இருக்கும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. அந்த ஒண்ணுதான சொன்னேன்." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதுவும் சொல்லணும். எனக்குப் பொறாமையா இருக்கு. எனக்காக இதுக ஒரு நாளும் பொய் சொன்னதில்ல."

ஜெர்வின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு அவன், "அந்தப் பிள்ள தலையில இது நிக்கக் கூடாது. வீட்டுல அப்பா அம்மாகிட்டயும் இப்படித்தான் சொல்லியிருப்பா" என்று போனை எடுத்தான். லிண்டா அவன் கையிலிருந்து போனை வாங்கி, ஃபெமினாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் மடியில் வைத்தாள்.

"ஃபெமினா, சார் பேசுதேன்."

"சொல்லுங்க சார்."

"தப்பு ஒன்னோடது இல்ல பிள்ள. நாந்தான் சொன்னேன். மிஸ்கிட்டயும் நான் அதச் சொல்லி..."

"சார்" என்று ஃபெமினா குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் பக்கத்துல இருக்காங்களா?"

ஜெர்வின் லிண்டாவைப் பார்த்தான். லிண்டா இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினாள்.

"இல்ல."

"அப்பம் நல்லாக் கேட்டுக்கோங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. வேன்லயே நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு. நீங்கதான் சொன்னீங்கன்னு தெரிஞ்சா மிஸ் மனசு விட்டுருவாங்க, கால் வேற முடியாம கெடக்காங்க. உங்களையும் ஏசிருவாங்க. எங்களுக்கு அவங்க ஏசிப் பழகிப்போச்சு. உங்களுக்குத் தாங்காது சார்."

"ஒனக்கு ரூல் தெரியும்லா பிள்ள" என்றான் ஜெர்வின். "நான் தப்பாச் சொன்னதும் தெரியும்லா. பெறவு ஏன் எடுத்த?"

"தெரியும் சார்" என்றாள் ஃபெமினா. "நீங்க சொன்னீங்கல்லா, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

லிண்டா அவன் புஜத்தைப் பிடித்துக்கொண்டாள். போனில், பின்னால் யாரோ ஃபெமினாவைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சார், நாளைக்குக் காலைல வருவீங்கல்லா?" என்றாள் ஃபெமினா. "இனிமே மேட்ச் இல்லன்னு வராம இருந்துராதீங்க. வடிவுக்காவும் வாரேன்னு சொல்லியிருக்கா."

"வாரேன் பிள்ள" என்றான் ஜெர்வின். போனை வைக்கிறவரை லிண்டா தலையணை ஓரத்தை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டுவிடாதபடி அழுதுகொண்டிருந்தாள்.